தூந்திரத்தில் ஓர் இளம்பறவை

ஆகஸ்டு மாதக் கடைசி வாரம். அலாஸ்காவின் மேற்குக் கரையில் உள்ள நோம் என்னும் சிற்றூரிலிருந்து செல்லும் சரளைக்கல் சாலையை விட்டு இறங்கி நடந்தால், கண்ணுக்கெட்டிய தூரம்வரை மரமே இல்லை. பெரும்பாலும் கணுக்கால் உயரச் செடிகள்தாம். அவற்றின் இலைகளும் அதற்குள் சிவந்துவிட்டன. இத்தகைய குளிர்நிலத்தையே தூந்திரம் என்கிறோம். இங்குப் பல இடங்களில் நிலத்தடி மண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கிறது. அதனால் பனி உருகிய நீர் உள்ளே இறங்க வழியின்றி மேலேயே தேங்குகிறது. காலை ஊன்றினால் மெத்தைபோல் அமிழும். அந்த ஈரத்தில் கோடையில் பெருகும் பூச்சிகளை நம்பியே பல பறவைகள் இங்கு வந்து குஞ்சு பொரிக்கின்றன.

இப்போதோ நிலம் ஓசையடங்கிக் கிடக்கிறது. ஜூன் மாதத்தில் கூவித் திரிந்தவற்றுள் பல கிளம்பிவிட்டன. நின்று கவனித்தால், செடிகளுக்கிடையே சில அடிகள் ஓடி, சட்டென நின்று, குனிந்து எதையோ கொத்தும் பறவையொன்று தென்படும். அது பொன்னிற உப்புக்கொத்தி. தொலைநோக்கியில் அதன் வயிற்றைப் பாருங்கள். கோடையில் வளர்ந்த பறவைகளுக்கு முகமும் வயிறும் கறுத்திருக்கும். இதற்கோ கறுப்பின் சுவடே இல்லை. முதுகெங்கும் பொன்னிறப் புள்ளிகள். இந்தக் கோடையில் பிறந்த இளம்பறவை இது.

இதன் தாய் தந்தை எங்கே? வளர்ந்த பறவைகள் பெரும்பாலும் முன்னதாகவே தெற்கே பறந்துவிடுகின்றன. பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்வதில்லை. கேட்கும்போது நமக்கு மனம் கலங்கத்தான் செய்கிறது. ஆனால், பிறந்த சில மணி நேரத்திலேயே கூட்டைவிட்டு இறங்கித் தானே இரை தேடும் குஞ்சுகள் இவை.

இளம்பறவைக்கு இப்போது ஒரே வேலை, உண்பதுதான். பூச்சிகளோடு, பழுத்துக் கிடக்கும் சின்னஞ்சிறு காட்டுப் பழங்களையும் விழுங்கி உடலில் கொழுப்பைச் சேர்க்கிறது. அதுவே பயணத்திற்கான எரிபொருள். அலாஸ்காவிலிருந்து ஹவாய்த் தீவுகள் ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. மூன்று, நான்கு நாள்கள் இரவும் பகலும் கடலுக்கு மேலே பறந்தாக வேண்டும். வாத்தைப்போல் நீரில் மிதந்து இளைப்பாற இதனால் இயலாது. பாதி வழியில் கொழுப்பு தீர்ந்துவிட்டால் இறங்கக் கரை இல்லை. வழிகாட்டவும் பெற்றோர் இல்லை. செல்ல வேண்டிய திசையைப் பிறவியிலேயே அறிந்திருக்கிறது.

சற்று மேட்டில் ஏறினால், எங்கும் போகாத பறவையையும் காணலாம். டார்மிகன் என்னும் கோழியினப் பறவை அது. குளிர்காலத்திற்குள் அதன் பழுப்பு இறகுகள் உதிர்ந்து வெள்ளை இறகுகள் முளைத்துவிடும். அதன் பாதங்களிலும் இறகு உண்டு!

பொன்னிற உப்புக்கொத்திகள் ஆசியக் கரையோரமாகவும் தெற்கே வருகின்றன. செப்டம்பருக்குப் பிறகு, சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் நீர் வடிந்த சேற்றுப் பரப்பில் அவற்றைப் பார்க்கலாம். அங்கும் அதே நடைதான்: சில அடி ஓட்டம், சட்டென ஒரு நிறுத்தம், பிறகு ஒரு கொத்து.