திருமலை கவுண்டரும் பட்டன் போனும்

ஸ்மார்ட்போன் பழக்கத்தைக் குறைக்கப் பல வழிகள் சொல்லப்படுகின்றன. அறிவிப்புகளை அணைத்து வைக்கலாம், திரையைக் கறுப்பு வெள்ளையாக்கலாம், ஒவ்வொரு செயலிக்கும் இத்தனை நிமிடம் என்று வரம்பு கட்டலாம். இவை எல்லாமே அதே போனைக் கையில் வைத்துக்கொண்டு செய்பவை. கட்டிய வரம்பை அவிழ்க்க இரண்டு தட்டு தட்டினால் போதும். பேசவும் குறுஞ்செய்தி அனுப்பவும் மட்டும் உதவும் பட்டன் போனுக்கு மாறும்போது அந்தச் சலுகை போய்விடுகிறது. மனம் கேட்டாலும் கையில் இருக்கும் பொருள் கொடுக்காது. இந்த முறையின் பலமும் சிரமமும் அதுதான்.

ஸ்மார்ட்போன் ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது? பக்கத்தின் அடியை எட்டாமல் தள்ளிக்கொண்டே போகும் 'முடிவில்லா உருட்டல்' வசதியை 2006-இல் உருவாக்கியவர் அமெரிக்க வடிவமைப்பாளர் ஏசா ராஸ்கின். பின்னாளில் அதற்காக அவரே வெளிப்படையாக வருத்தப்பட்டார். செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு, சினிமாவுக்கு வணக்கம் போடுவார்கள். ரீல்ஸுக்கு இரண்டும் கிடையாது. அடுத்து வருவது நல்லதா மொக்கையா என்று முன்கூட்டித் தெரியாததும் ஒரு காரணம். எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாத இரைக்காகப் புறாக்கள் சலிக்காமல் கொத்திக்கொண்டே இருப்பதை உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் கடந்த நூற்றாண்டின் நடுவிலேயே காட்டிவிட்டார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் வீடியோ கேம் கோளாறுக்கு இடம் உண்டு. 'ஸ்மார்ட்போன் அடிமைத்தனம்' என்று தனி நோய் எதுவும் அதில் இல்லை. ஆகவே பெரும்பாலோர் விஷயத்தில் இதை நோய் என்பதைவிட, திட்டமிட்டு ஊட்டி வளர்க்கப்பட்ட பழக்கம் என்பதே பொருந்தும்.

அந்தப் பழக்கத்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் ஆய்வு இருக்கிறது. நோவா காஸ்டெலோவும் அவருடைய சகாக்களும் நடத்திய இந்த ஆய்வு 2025-இல் 'பிஎன்ஏஎஸ் நெக்ஸஸ்' இதழில் வெளியானது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 467 பேரின் ஸ்மார்ட்போன்களில் இரண்டு வாரத்துக்கு இணையத்தை மட்டும் தடுத்தார்கள். அழைப்பும் குறுஞ்செய்தியும் வழக்கம்போல் இயங்கின, வீட்டுக் கம்ப்யூட்டரில் இணையம் பார்க்கவும் தடையில்லை. அதாவது ஸ்மார்ட்போனையே பட்டன் போனாக்கிவிட்டார்கள். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்தைத் தாண்டியிருந்த திரை நேரம் மூன்று மணி நேரத்துக்குள் வந்தது. கவனத்தை நிலைநிறுத்தும் திறன், மனநலம், வாழ்வில் திருப்தி ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றிலாவது பத்தில் ஒன்பது பேர் முன்னேறினார்கள். மிச்சமான நேரத்தை நேரில் பேசுவதற்கும் உடற்பயிற்சிக்கும் வெளியே காற்றாட இருப்பதற்கும் செலவழித்தார்கள்.

இதே ஆய்வின் இன்னொரு எண்ணைப் பலரும் கவனிப்பதில்லை. தடையை ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினரே. விருப்பப்பட்டுத்தான் ஆய்வில் சேர்ந்தார்கள் என்றாலும், மற்றவர்களால் அதை முழுமையாகக் கடைப்பிடிக்க முடியவில்லை. செயலியை வைத்துச் செயலியைத் தடுக்கும் வழி எவ்வளவு தூரம் செல்லும் என்பதை இது சொல்லிவிடுகிறது.

போன் இல்லாமல் மனிதர்கள் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பார்கள் என்பதைத் தினமும் காட்டும் இடம் திருப்பதிக்கு மேலே இருக்கிறது. திருமலை ஏழுமலையான் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோகத் தடை. தரிசன வரிசைக்குள் நுழையும் முன் தேவஸ்தானத்தின் இலவச கவுண்டரில் போனைக் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். சாதாரண நாளில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தரிசனத்துக்கு வருகிறார்கள். கூட்டம் மிகுந்த நாட்களில் சர்வ தரிசனம் எனப்படும் இலவச தரிசனத்துக்கு இருபது மணி நேரம் காத்திருப்பதும் புதிதல்ல. வைகுண்டம் க்யூ காம்ப்ளக்ஸின் கூடங்களில் அடைபட்டிருக்கும் அந்த நேரம் முழுவதும் பாலும் சாப்பாடும் வருகிறது, போன் மட்டும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எந்த ஊர் என்று கேட்கிறார்கள், குழந்தைகள் ஓடி விளையாடுகின்றன, சிலர் கோவிந்தா சொல்கிறார்கள், பலர் படுத்துத் தூங்குகிறார்கள். போன் இல்லாததால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடுவதில்லை.

தமிழ்நாட்டிலும் 2022 டிசம்பரில், திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில், கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. கோயிலின் அமைதியும் பாதுகாப்பும் கருதி வந்த உத்தரவு அது. பழக்கத்தை மாற்றுவது அதன் நோக்கம் அல்ல. உண்மையில் இத்தகைய தடைகள் பழக்கத்தை மாற்றுவதும் இல்லை. தரிசனம் முடிந்து சீட்டைக் காட்டிப் போனை வாங்கியவர்களில் பெரும்பாலோரின் கட்டைவிரல் படி இறங்குவதற்குள் வேலையைத் தொடங்கிவிடும். ஓர் இடத்தின் தடை அந்த இடத்தோடு முடிகிறது. வீட்டிலும் பஸ்ஸிலும் தொடரும் தடை வேண்டுமென்றால் அது சட்டைப் பையில் இருக்கும் கருவியிலேயே இருக்க வேண்டும்.

அந்தக் கருவியை வாங்கப்போகும்போது முதலில் பார்க்க வேண்டியது நெட்வொர்க். ஜியோவிடம் 2ஜி சேவை கிடையாது. அந்த சிம்மைப் பழைய 2ஜி பட்டன் போனில் போட்டால் வேலை செய்யாது. ஏர்டெல், வோடபோன் ஐடியா சிம்கள் 2ஜி போனிலும் இயங்கும். புதிதாக வாங்குகிறவர்கள் 4ஜி பட்டன் போனாகப் பார்த்து வாங்குவது நல்லது. 2023-இல் 999 ரூபாய்க்கு வந்த ஜியோபாரத் போன் ஜியோ சிம்மை மட்டுமே ஏற்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாவதாக, பட்டன் இருப்பதாலேயே ஒரு போன் எளிய போன் ஆகிவிடாது. 2017-இல் வந்த ஜியோபோனில் பிறகு யூடியூபும் வாட்ஸப்பும் வந்து சேர்ந்தன. 2024-இல் எச்எம்டி நிறுவனம் மறுபடி வெளியிட்ட நோக்கியா 3210, பழைய பாம்பு விளையாட்டோடு யூடியூப் ஷார்ட்ஸையும் சேர்த்தே கொடுத்தது. பின்வாசலைத் திறந்து வைத்துவிட்டு முன்வாசலுக்குப் பூட்டுப் போட்ட கதைதான். கடையில் கேட்க வேண்டிய கேள்வி 'பட்டன் போனா?' என்பதைவிட 'இதில் வீடியோ ஓடுமா?' என்பதுதான்.

வெளிநாடுகளில் இதற்கென்றே போன்கள் செய்கிறார்கள். அமெரிக்காவின் லைட் போன் அவற்றில் பெயர் பெற்றது. ஆனால் அதன் விலைக்கு இங்கே நடுத்தர ஸ்மார்ட்போனே வாங்கலாம். இந்தியாவில் பட்டன் போன் ஏழைகளின் போனாக இருப்பதால்தான் அது ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. பழக்கத்தை விட நினைக்கும் வசதியானவர்களுக்கு இது எதிர்பாராத லாபம்.

ரீசார்ஜ் விஷயத்தில் நிலைமை சற்று மாறியிருக்கிறது. பேச மட்டும் விரும்புகிறவரும் வேண்டாத டேட்டாவுக்குச் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியிருந்தது. 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான திட்டங்களைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா மூன்றும் அவற்றை அறிமுகப்படுத்தின. கடைக்காரர் தானாக இதைச் சொல்ல மாட்டார், கேட்டு வாங்க வேண்டும்.

போனும் திட்டமும் கிடைத்த பிறகுதான் உண்மையான தடை எதிர்ப்படுகிறது. ஸ்மார்ட்போன் பழக்கத்தில் பாதி பொழுதுபோக்கு என்றால், மீதி பாதி நிறுவனங்கள் நம்மிடம் வளர்த்தது. சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் இது தெளிவாகத் தெரியும். ஆந்திர அரசு 2025 ஜனவரி 30 அன்று 'மன மித்ரா' என்ற பெயரில் வாட்ஸப் வழியாகவே அரசுச் சேவைகளைத் தொடங்கியது. முதல் கட்டத்திலேயே 161 சேவைகள். அலுவலகப் படியேறாமல் சான்றிதழ் கிடைப்பது பெரிய வசதிதான். ஆனால் வாட்ஸப் இல்லாதவருக்கு அதே சேவைக்குப் பழைய வரிசைதான். பள்ளிக்கூட வீட்டுப்பாடம் வாட்ஸப் குழுவில் வருகிறது. இளநீர் கடையில் கியூஆர் அட்டை தொங்குகிறது. திருமலையின் 300 ரூபாய் சிறப்பு தரிசன டிக்கெட் மாதங்களுக்கு முன்பே ஆன்லைனில் வெளியாகிச் சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது.

இவற்றில் சிலவற்றுக்கு மாற்று உண்டு. பட்டன் போனிலிருந்து யுபிஐ வழியே பணம் அனுப்ப 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி 'யுபிஐ 123பே' திட்டத்தைத் தொடங்கியது. ஓர் எண்ணை அழைத்து, குரல் சொல்லும்படி பட்டனை அழுத்தி, ரகசிய எண் கொடுத்தால் பணம் போய்ச் சேரும். 2024 அக்டோபரில் அதன் உச்சவரம்பு 5,000 ரூபாயிலிருந்து 10,000 ஆக உயர்த்தப்படுவதாக அறிவிப்பு வந்தது. இணையமில்லாமல் வங்கிக் கணக்கைக் கையாள *99# சேவையும் உண்டு. டீக்கடையில் பத்து ரூபாய் கொடுக்க இவை ஒத்துவராது. அதற்குச் சில்லறைதான் சுலபம். வங்கி ஓடிபி எஸ்எம்எஸ்ஸாக வருவதால் பட்டன் போனே போதும். தரிசனத்துக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. திருப்பதியில் விஷ்ணு நிவாசம், சீனிவாசம், பூதேவி காம்ப்ளக்ஸ் ஆகிய இடங்களில் ஆதாரைக் காட்டி இலவச தரிசன டோக்கன் நேரில் வாங்கலாம்.

மாற்று இல்லாத இழப்பு ஒன்று இந்த மாவட்டங்களின் தமிழ்க் குடும்பங்களுக்கு உண்டு. சித்தூர், நகரி, சத்யவேடு, குப்பம் பக்கங்களில் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் தெலுங்கு படித்தவர்கள் ஏராளம். தமிழ் எழுதத் தடுமாறுகிற இவர்களுக்கு வேலூரிலோ சென்னையிலோ இருக்கும் சொந்தங்களோடு தொடர்பு வைத்துக்கொள்ள வாட்ஸப் குரல் பதிவு எழுத்தையே தேவையில்லாமல் ஆக்கிவிட்டது. பட்டன் போனில் எண்களை மாறி மாறி அழுத்திக் குறுஞ்செய்தி எழுதுவது இதற்கு ஈடாகாது. நேரடியாகக் கூப்பிட்டுப் பேசிவிடலாம்தான். ஆனால் நினைத்த நேரத்தில் பேசிவைத்து, அவர்கள் நினைத்த நேரத்தில் கேட்கும் வசதி போய்விடுகிறது.

ஆகவே ஸ்மார்ட்போனை முழுக்கத் துறப்பதைவிட, அதை வீட்டுச் சாமானாக்கிவிட்டு வெளியே பட்டன் போனோடு போவதே இந்த ஊர் வாழ்க்கைக்கு ஒத்துவரும். அந்தக் காலத்து லேண்ட்லைன் மாதிரி ஸ்மார்ட்போன் ஒரே இடத்தில் இருக்கும். சான்றிதழ், டிக்கெட், பள்ளிக் குழு, குரல் பதிவு எல்லாம் அங்கே உட்கார்ந்து பார்க்க வேண்டியவை. இதில் சிம் ஏற்பாடு முக்கியம். யுபிஐ செயலியைப் பதிவு செய்ய, வங்கிக் கணக்கோடு இணைந்த எண்ணின் சிம் அதே போனில் இருந்தாக வேண்டும். வாட்ஸப் போன்ற செயலிகளும் சிம் உள்ள போனில் மட்டுமே இயங்க வேண்டும் என்று 2025 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. எனவே பழைய எண்ணை வீட்டு ஸ்மார்ட்போனிலேயே விட்டு, பட்டன் போனுக்குப் புது எண் வாங்கி, பழைய எண்ணுக்கு வரும் அழைப்புகளைச் செட்டிங்ஸ் வழியாகப் புதிதுக்குத் திருப்பிவிடலாம். எஸ்எம்எஸ் இப்படித் திரும்பாது, ஓடிபி வீட்டுப் போனிலேயே நிற்கும். பண வேலையெல்லாம் வீட்டில்தான் என்று ஆகிவிட்டால் அதில் சங்கடமில்லை. இரண்டு ரீசார்ஜ் என்பதுதான் கூடுதல் செலவு.

மாறிய முதல் வாரத்தில் கை அடிக்கடி சட்டைப் பைக்குப் போகும். பஸ் நிறுத்தத்திலும் படுக்கையிலும் இது அதிகம் தெரியும். அலாரம் கடிகாரம் ஒன்று வாங்கிவிட்டால் ஸ்மார்ட்போனைப் படுக்கையறைக்குள் கொண்டுவர ஒரு சாக்கு குறையும். தனியாகச் செய்வதைவிட வீட்டோடு செய்வது எளிது. மகாராஷ்டிரத்தின் சாங்கிலி மாவட்டத்தில் வட்காவ் என்ற கிராமம் 2022 முதல் தினமும் மாலை ஏழு மணிக்குச் சைரன் ஊதி, ஒன்றரை மணி நேரம் டிவியையும் போனையும் அணைத்து வைக்கிறது. ஊரே அணைக்கும்போது எதையோ தவறவிடுகிறோமே என்ற தவிப்புக்கு இடமில்லாமல் போகிறது.

சவாரி செயலியில் ஆட்டோ ஓட்டுகிறவர், வீடுவீடாகப் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கிறவர் ஆகியோருக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது. போன் அவர்களுக்கு வேலைக் கருவி.  

தூக்கம், படிப்பு, வேலை எல்லாம் கெட்டும் போனைக் கீழே வைக்க முடியாதவர்களுக்குப் போனை மாற்றுவது மட்டும் போதாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கென்றே 2014 முதல் 'ஷட் கிளினிக்' இயங்குகிறது. சித்தூரிலிருந்து பெங்களூரு பஸ்ஸில் சில மணி நேரப் பயணம்தான். அவ்வளவு தூரம் போவதற்கு முன், மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழைக்கலாம். தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம், கட்டணம் இல்லை, பட்டன் போனிலிருந்தும் கூப்பிடலாம்.