போர் தண்ணீரில் மஞ்சள் கறை... யுரேனியமா, இரும்பா?

புதுக்கோட்டை:
குடத்தில் பிடித்து வைத்த போர் தண்ணீர் கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகிறதா? "ஐயையோ, யுரேனியம்!" என்று பதற வேண்டாம். அது பெரும்பாலும் இரும்புச்சத்துதான். யுரேனியம் கலந்த தண்ணீரோ பளிங்கு மாதிரி தெளிவாக இருக்கும். ருசியும் மாறாது. சிக்கலே அங்கதான்!

டன்னுக்கு 4 கிராம்

நார்த்தாமலை, குடுமியான்மலை பக்கம் எல்லாம் கிரானைட் வகைப் பாறைகள். பொதுவாக ஒரு டன் கிரானைட்டில் சுமார் 4 கிராம் யுரேனியம் இருக்கும். சுரங்கம் போட இது பத்தாது. 1967 முதல் யுரேனியம் வெட்டிய ஜார்கண்ட் மாநிலம் ஜாதுகுடா தாதுவில் இதைப்போல பல மடங்கு உண்டு.

கறுப்பு மஞ்சளாகும்

பாறைக்குள் இருக்கும் யுரேனினைட் என்ற தாது கறுப்பு நிறம். காற்று படாதவரை தண்ணீரில் லேசில் கரையாது. மழைநீர் பாறை வெடிப்பு வழியாக ஆக்சிஜனையும் கொண்டு இறங்கினால் கதை மாறும். இரும்பு துருப்பிடிப்பது போல தாதுவும் மாறி, கரைய ஆரம்பிக்கும்.

கரைந்தது வழியில் சுண்ணாம்புச்சத்து, பாஸ்பேட்டை சந்தித்தால் ஆட்டுனைட் என்ற மஞ்சள் தாதுவாகப் படியும். புறஊதா விளக்கு அடித்தால் இது பச்சையாக மின்னும்! சிலிக்கா கிடைத்தால் யுரேனோபேன் என்ற இன்னொரு மஞ்சள் தாது. படியாமல் மிஞ்சியது நிலத்தடி நீரோடு போகும். பாறையைத் துளைத்த போரில் அது வர வாய்ப்பு உண்டு. எல்லா போரிலும் வரும் என்று அர்த்தம் இல்லை.

கொதிக்க வைத்தால் போகுமா?

போகாது. தண்ணீர் வற்ற வற்ற அளவு கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. வடிகட்டி பெருமளவு நீக்கும். ஒரு லிட்டரில் 30 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதிக அளவில் பல வருடம் குடித்தால் முதல் அடி சிறுநீரகத்துக்கு.

புதிதாக போர் போட்டு, அதையே குடிக்கிறவர்கள் தண்ணீரை ஒருமுறை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பது நல்லது. உப்பு, இரும்பு பார்க்கும் சாதாரண சோதனையில் யுரேனியம் தெரியாது. "யுரேனியமும் பாருங்க" என்று தனியாகக் கேட்க வேண்டும்.