இரு வரைகலை அட்டைகள்

கணிப்பொறியின் திரையிலே ஓடும் குதிரையையும் பாயும் ஆற்றையும் காண்போர், அவை வெறும் புள்ளிகளால் ஆயவை என்பதை மறந்துவிடுகின்றனர். பெருவழக்காக உள்ள ஒரு திரையில் குறுக்கே 1920 புள்ளிகளும் நெடுக்கே 1080 புள்ளிகளும் உண்டு. பெருக்கிப் பார்த்தால் அவை 20,73,600 ஆகும். இத்தனை புள்ளிகளுக்கும் உரிய நிறத்தைக் கணக்கிட்ட பின்னரே ஒரு படம் முழுமை பெறுகின்றது. நொடிக்கு 60 படங்கள் அடுத்தடுத்து மாறுமாயின் அசைவு இடையறவின்றித் தோன்றும். ஆகவே, ஒரு நொடியில் நிறம் காண வேண்டிய புள்ளிகள் 12 கோடிக்கும் மேற்பட்டனவாம்.

இப்பெரும் பணியைச் செய்வதற்கென்றே அமைந்த துணைக் கருவி வரைகலை அட்டை. இதனைக் கிராபிக்ஸ் கார்டு எனவும் வழங்குவர். கணிப்பொறியின் தலைமைச் செயலி, திறன் மிக்க சிலர் கூடிய குழுவை ஒக்கும். அரிய வேலைகளை ஒழுங்குபட முடிக்கும். வரைகலை அட்டையோ அறுவடைக் காலத்தில் வயலில் இறங்கும் பெருங்கூட்டத்தை ஒக்கும். ஒவ்வொருவர் செய்வதும் எளிய வேலையே. ஆயினும், ஆயிரக்கணக்கானோர் ஒருங்கே செய்தலால் பரந்த வயலும் விரைவில் அறுத்து முடிக்கப்படுகின்றது.

வரைகலை அட்டை விலை மிகுந்த பொருள். பல திங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டே பலர் இதனை வாங்குகின்றனர். வாங்கியபின் சில ஆண்டுகளேனும் அதனையே வைத்துக்கொள்ள நேரும். பெட்டியின்மீது அச்சிட்டுள்ள எண்களுள் பெரியதொன்றைக் கண்டு மயங்கி வாங்குவோர், பின்னர் வருந்துதலும் உண்டு. அவ்வெண் பொய்யன்று, ஆனால் ஓர் எண் ஒன்றனை மட்டுமே உரைக்கும். என்விடியா நிறுவனத்தார் வெளியிட்ட இரண்டு அட்டைகளை ஒப்பிட்டால் இவ்வுண்மை தெளிவாகும்.

அவற்றுள் ஒன்று ஜீஃபோர்ஸ் ஆர்.டி.எக்ஸ். 3060 டி.ஐ. என்பது. அது 2020-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் வெளிவந்தது. மற்றொன்று ஆர்.டி.எக்ஸ். 3060, அது 2021-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வெளிவந்தது. முன்னதை டி.ஐ. அட்டை என்றும், பின்னதை 3060 அட்டை என்றும் சுருக்கமாகக் குறிக்கலாம். மின்னோட்டத்தை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ஆம்பியரின் பெயர் தாங்கிய ஒரே அமைப்பு முறையில் இரண்டும் உருவாயின. வெளியீட்டின்போது அமெரிக்க நாட்டில் அறிவித்த விலை, டி.ஐ. அட்டைக்கு 399 டாலர். 3060 அட்டைக்கு 329 டாலர்.

இனி, பெட்டியில் காணும் எண்களை நோக்கலாம். 3060 அட்டையின் நினைவகம் 12 ஜிகாபைட், டி.ஐ. அட்டையினது 8 ஜிகாபைட் மட்டுமே. முன்னதன் துடிப்பு 1777 மெகாஹெர்ட்ஸ் வரை உயரும். பின்னதன் துடிப்பு 1665 மெகாஹெர்ட்ஸ். 3060 அட்டைக்கு 170 வாட் மின்சாரம் போதும். மற்றதற்கு 200 வாட் தேவை. நினைவகமும் துடிப்பும் மிகுதி. விலையும் மின்செலவும் குறைவு. இவற்றை மட்டும் காண்போர், 3060 அட்டையே எவ்வகையாலும் விரைவு மிக்கது என்று முடிவு செய்வர். அம்முடிவு பொருந்தாது.

வயலில் இறங்கினோரின் கைவிரைவை மட்டும் கண்டால் போதுமா? எத்தனை பேர் இறங்கினர் என்பதையும் எண்ணுதல் வேண்டும். கணக்கிடும் உறுப்புகளைக் கருக்கள் என்பர். 3060 அட்டையில் 3584 கருக்களும், டி.ஐ. அட்டையில் 4864 கருக்களும் உள்ளன. ஒவ்வொரு கருவும் ஒரு துடிப்பிற்கு ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலுமாக இரண்டு கணக்குகளைச் செய்ய வல்லது. இவ்வாறு கணக்கிடின், நொடிக்கு முன்னது ஏறத்தாழ 12.7 இலட்சம் கோடி கணக்குகளையும், பின்னது 16.2 இலட்சம் கோடி கணக்குகளையும் செய்யும் ஆற்றலுடையன.

நினைவகத்திற்கும் இரண்டு அளவுகள் உண்டு. ஏரி எவ்வளவு பெரிதாயினும், வயலுக்குப் பாயும் நீர் மதகின் அகலத்தைப் பொறுத்ததே அன்றோ? 3060 அட்டையில் செய்தி செல்லும் வழிகள் 192. வழி ஒன்றுக்கு நொடிக்கு 15 ஜிகாபிட் செல்லும். எட்டுப் பிட் ஒரு பைட் ஆதலின், மொத்தம் 360 ஜிகாபைட் ஆகின்றது. டி.ஐ. அட்டையிலோ 256 வழிகள் உள்ளன. வழிக்கு 14 ஜிகாபிட் வீதம் 448 ஜிகாபைட் செல்கின்றது. நினைவகச் சில்லு ஒவ்வொன்றும் 32 வழிகளைக் கொள்ளும். ஆகவே 3060 அட்டையில் 2 ஜிகாபைட் சில்லுகள் ஆறும், டி.ஐ. அட்டையில் 1 ஜிகாபைட் சில்லுகள் எட்டும் அமைந்தன. ஏரி பெரிதான இடத்தில் மதகு சிறிதாயிற்று.

இதன் விளைவு யாது? பெரும்பாலான ஆட்டங்களில் டி.ஐ. அட்டையே ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிகுதியான படங்களைத் தீட்டுகின்றது. ஒன்று நொடிக்கு 60 படங்கள் காட்டுமிடத்தில், மற்றது 75 படங்களை அளவிற் காட்டும்.

ஆயினும், 12 ஜிகாபைட் நினைவகம் பயனற்றது என்று தள்ளிவிடுதலும் தவறாகும். ஒரு வேலைக்கு 10 ஜிகாபைட் இடம் வேண்டுமெனில், டி.ஐ. அட்டையில் அஃது அடங்காது. மிஞ்சியதைக் கணிப்பொறியின் பொது நினைவகத்தில் வைத்து, வேண்டும்போதெல்லாம் எடுத்துவர வேண்டும். அவ்வழியே நொடிக்கு ஏறத்தாழ 32 ஜிகாபைட் மட்டுமே வரும். 448 எங்கே, 32 எங்கே! விரைந்து ஓடிய படம் தடைப்பட்டு விக்கி நிற்கும். சில மென்பொருள்கள் வேலையைத் தொடங்கவே மறுக்கும். விரிந்த முப்பரிமாணக் காட்சிகளை அமைப்போருக்கும், செயற்கை அறிவுக்குரிய பெருந்தொகையான எண்களை அட்டையில் ஏற்றுவோருக்கும் 3060 அட்டையே கைகொடுக்கும். எண் ஒன்றுக்கு ஒரு பைட் வீதம் 1000 கோடி எண்கள் 10 ஜிகாபைட் ஆகும் என்பதை நினைத்தால் இது விளங்கும்.

பெயரை மட்டும் நம்புதலும் ஆகாது. 2022-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஆர்.டி.எக்ஸ். 3060 என்ற அதே பெயருடன் 8 ஜிகாபைட் அட்டை ஒன்றும் வெளிவந்தது. கருக்களின் தொகை மாறவில்லை. ஆனால் செய்தி செல்லும் வழிகள் 128 ஆகக் குறைந்தன. 360 ஜிகாபைட் செல்லுமிடத்தில் 240 ஜிகாபைட் மட்டுமே சென்றது. பெயர் ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று.

ஆதலின், அட்டை வாங்க விரும்புவோர் முதலில் வினவ வேண்டியது, “எது பெரிது?” என்பதன்று, “எவ்வேலைக்கு?” என்பதே. வேலை இன்னதென்று தெளிந்தபின், கருக்களின் தொகை, துடிப்பு, நினைவகத்தின் அளவு, அதன் வழியகலம், மின்செலவு, விலை ஆகியவற்றை ஒருங்கே வைத்து நோக்குதல் வேண்டும். அவ்வேலையிலேயே இரண்டையும் ஓட்டி அளந்தோர் கண்ட முடிவுகளையும் கேட்டறிதல் நன்று. எண்களைப் படிக்கக் கற்பது ஒரு கல்வி. அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி நிறுத்துப் பார்ப்பது அதனினும் உயர்ந்த கல்வி. பின்னதைக் கற்றவரை எந்தப் பெட்டியின் எழுத்தும் ஏமாற்றுதல் அரிது.