வெற்றிடமும் தொடர்பும்: நுண்துளைப் பல்பகுதிய ஏரோஜெல்களின் மின்கடத்துதிறன் பற்றிய ஒரு நோக்கு

அளவு மாற்றம் பண்பு மாற்றமாகும் என்னும் இயங்கியல் விதியை விளக்கப் புகுவோர் நம்மிடையே பெரும்பாலும் கொதிக்கும் நீரோடு நின்றுவிடுகின்றனர். 1878இல் நூலுருப் பெற்ற 'டூரிங்குக்கு மறுப்பு' என்னும் நூலில் ஏங்கெல்ஸ் எடுத்தாண்ட உதாரணம் அது. உதாரணம் தவறன்று. ஆயின், ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக அதனையே ஒப்புவித்து வருவதன் மூலம் விதியை வாய்பாடாக்கிவிட்டோம். நுண்துளை மிக்க பல்பகுதியச் சேர்த்திப்பொருள்களாலான ஏரோஜெல்கள் மின்னைக் கடத்தும் முறையைச் சற்று நுணுகி நோக்கின், 'அளவு' என நாம் இலகுவாகக் கூறிவிடுவது எத்துணைச் சிக்கலானது என்பது புலனாகும். இலக்கிய மாணவராகிய நாம் இப்பொருளிற் புகுவதற்கு இதனைவிட வேறு நியாயம் வேண்டியதில்லை.

முதலில் ஏரோஜெல் யாதென நோக்குவோம். கடற்பாசியைக் காய்ச்சி ஆறவிட்டாற் கிடைக்கும் களியிற் பெரும்பகுதி நீரே. மிகச் சொற்பமான திண்மம் வலைபோற் பின்னி அந்நீரைப் பிடித்துவைத்திருக்கின்றது. அதனை வெயிலில் உலரவிட்டால் நீரோடு வடிவமும் போய்விடும். நீர் வெளியேறுகையில் அதன் மேற்பரப்பிழுவிசை துளைகளின் சுவர்களை உள்நோக்கி இழுத்துச் சிதைத்துவிடுகின்றது. வடிவம் குலையாமல் திரவத்தை மட்டும் அகற்ற முடியுமா என்பதே அமெரிக்க இரசாயனவியலாளர் சாமுவேல் கிஸ்லர் எடுத்துக்கொண்ட வினா. வெப்பநிலையையும் அமுக்கத்தையும் அவதி நிலைக்கு மேலுயர்த்தினால் திரவம், வாயு என்ற வேறுபாடே மறைந்துவிடும். இழுப்பதற்கு மேற்பரப்பு எதுவும் இராது. 1931இல் அவர் வெளியிட்ட முடிவு இதுவே. சிலிக்காவில் மட்டுமன்றி ஜெலற்றீன், கடற்பாசிச் சத்து ஆகியவற்றிலும் அவர் ஏரோஜெல் ஆக்கினார். இத்தகைய பொருள்களின் கனவளவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட பங்கு வெறும் வளியாகவே இருக்கக்கூடும்.

வளி மின்னைக் கடத்தாது. வழமையான பல்பகுதியங்களும் கடத்தா. பின்னர் மின் எவ்வழியாற் செல்கின்றது? இதற்கு வழிகள் இரண்டு. ஒன்று, பல்பகுதியத்தையே கடத்தியாக்குதல். 1967இல் தோக்கியோவில், கொரியாவிலிருந்து வந்திருந்த ஓர் ஆய்வாளர் ஊக்கியை ஆயிரம் மடங்கு அதிகமாகச் சேர்த்துவிட்டதனால் வெள்ளிபோல் மின்னும் பொலிஅசற்றிலீன் படலம் உண்டாயிற்று. 1976இல் அமெரிக்காவில், அத்தகைய படலத்தின்மீது புரோமீன் ஆவியைப் பட விட்டபோது அதன் கடத்துதிறன் ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு உயர்ந்தது. 2000ஆம் ஆண்டில் ஷிரகாவா, மக்டியார்மிட், ஹீகர் ஆகிய மூவரும் இரசாயனத்துக்கான நொபெல் பரிசைப் பெற்றனர். முதற்படலத்துக்குக் காரணமாயிருந்த கை பரிசுப் பட்டியலில் இல்லை என்பதையும் இவ்விடத்திற் குறித்துக்கொள்வோம்.

மற்றையது, கடத்தாத பல்பகுதியத்தினுள் காபன் நுண்குழாய், கிராபீன் முதலிய கடத்தும் நுண்பொருள்களைக் கலத்தல். இங்குதான் நம் வினா எழுகின்றது. சிறிது சிறிதாகக் கலந்துவரும்போது நெடுநேரம் எதுவும் நிகழ்வதில்லை. ஒரு குறித்த எல்லையை அண்மியதும் கடத்துதிறன் திடீரெனப் பல இலட்சம் மடங்கு உயர்கின்றது. இதனை விளக்கும் ஊடுகசிவுக் கோட்பாடு பிறந்த இடம் மனங்கொள்ளத்தக்கது. பிரித்தானிய நிலக்கரிப் பயன்பாட்டு ஆய்வுச் சங்கத்திற் பணியாற்றிய சைமன் புரோட்பென்ற், சுரங்கத்தில் அணியும் வாயு முகமூடிகளிலுள்ள காபன் மணிகளின் துளைகளினூடாக வாயு எவ்வாறு உட்புகுகின்றது என்பதை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவரும் கணிதவியலாளர் ஜோன் ஹமர்சிலியும் 1957இல் வெளியிட்ட கட்டுரையே இத்துறைக்கு அடிப்படையாயிற்று. தூய கணிதம் எனப் போற்றப்படும் ஒன்று நிலக்கரிச் சுரங்கத்தின் மூச்சிலிருந்து வந்தது!

சதுரமுகி அறைகளாலான ஒரு பெரிய அடுக்கில், அறைகளை எழுந்தமானமாக நிரப்பிச் செல்வதாகக் கொள்வோம். ஏறத்தாழ 31 வீதம் நிரம்பும்வரை, நிரம்பிய அறைகள் தனித்தனித் தீவுகளாகவே கிடக்கும். அவ்வெல்லையைக் கடந்ததும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை முறியாத தொடர் ஒன்று உருவாகிவிடும். வாய்பாட்டுக்காரர் இத்துடன் மகிழ்ந்து திரும்பிவிடலாம். ஆனால் அந்த 31 என்பது பொருளின் மாறா இயல்பன்று. அறைகளின் வடிவத்துக்கும் அடுக்குக்கும் உரியது. மெலிந்து நீண்ட நுண்குழாய்களைக் கலந்தால் ஒரு வீதத்துக்குக் குறைவான அளவே போதும். நீளம் விட்டத்தைவிட எத்துணை மடங்கோ, அத்துணைக்கு எல்லை தாழும். அதே அளவு நுண்குழாய்கள் கட்டிபட்டுத் திரண்டு கிடந்தாலோ மின் செல்லாது. பண்பை மாற்றுவது தொகை மட்டுமன்று. தொகைக்குள் நிலவும் தொடர்பு. உறுப்பினர் தொகையை மட்டும் எண்ணி அமைப்பின் வலிமையை மதிப்பிடும் நம் நண்பர் சிலருக்கு இது உவப்பாயிருக்கலாம். எனினும் நுண்குழாய்க்கு நனவு இல்லை. அது தானே முடிவெடுத்து அணிதிரள்வதில்லை. சமூகத்தைப் பற்றிய நிறுவலாக இதனைக் கொள்ளுதல் ஆகாது.

ஏரோஜெலில் வெற்றிடமும் வாளா இருப்பதில்லை என்பதே இப்பொருளின் மிகச் சுவையான பகுதி. இன்று பரவலாகக் கையாளப்படும் உறைநிலை உலர்த்தல் முறையில், பல்பகுதியமும் நுண்பொருளும் கலந்த நீர் உறைய வைக்கப்படுகின்றது. வளரும் பனிப்பளிங்குகள் தம்முள் அந்நியப் பொருளை ஏற்காமல் அவற்றை ஓரங்களுக்குத் தள்ளுகின்றன. பின்னர் வெற்றிடத்திற் பனி நேரே ஆவியாகிவிடும். எஞ்சும் துளை, பனி இருந்த இடத்தின் அச்சு. தள்ளப்பட்ட நுண்பொருள் மெல்லிய சுவர்களில் நெருங்கி அமைவதனால், முழுக் கனவளவில் மிகச் சிறிய பங்காயிருந்தும் சுவருக்குள் எல்லையைக் கடந்துவிடுகின்றது. ஒரு பக்கத்திலிருந்து உறைய வைத்தால் துளைகள் அத்திசையிலேயே நீளும். அத்திசையில் மின் இலகுவாகவும் குறுக்கே அரிதாகவும் செல்லும்.

ஆகவே கடத்துதிறன் எண்களை ஒப்பிடுவோர் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். 98 வீதம் வளியான பொருளொன்றின் கடத்துதிறனைத் திண்மமான படலத்தினதோடு நேரே ஒப்பிடுதல் பொருந்தாது. திண்மம் இரண்டு பங்கே. அதன் இழைகளும் எல்லாத் திசைகளிலும் ஓடுவதனால், சீரான வலையிற்கூட அதில் மூன்றிலொரு பங்கின் பயனே ஒரு திசைக்குக் கிட்டும். துகளுக்கும் துகளுக்கும் இடையேயுள்ள மென்படலத்தை இலத்திரன் தாண்டும் இடங்களில் தடை மேலும் கூடும்.

இக்குறையே பிறிதோரிடத்திற் பயனாகின்றது. உலோகங்களில் மின்னும் வெப்பமும் இலத்திரன்களாலேயே பெரிதும் காவப்படுதலால் இரண்டும் ஒன்றாகவே செல்கின்றன. ஏரோஜெலிலோ மின் சுவர்வழியே செல்ல, துளைகளில் அடைபட்ட வளி வெப்பத்தைத் தடுக்கின்றது. சுவீடனின் லிங்கோப்பிங் பல்கலைக்கழகத்தார், புகைப்படச் சுருளில் நிலைமின்னைத் தடுக்கும் பூச்சாக முன்னர் வழங்கிய பெடொட் என்னும் கடத்து பல்பகுதியத்தையும் மரக்கூழிலிருந்து பெறும் நுண்ணிழைகளையும் சேர்த்து, நெகிழும் ஏரோஜெல் ஒன்றை ஆக்கியுள்ளனர். அதனை அழுத்தினால் அறுந்திருந்த தொடர்புகள் கூடி மின்தடை குறைகின்றது. ஒரு பக்கத்தைச் சூடாக்கினால் இரு பக்கங்களுக்கிடையே மின்னழுத்தம் தோன்றுகின்றது. ஒரே துண்டிலிருந்து அமுக்கத்தையும் வெப்பநிலையையும் வெவ்வேறாக அறிந்துகொள்ள முடிகின்றது.