பிளஸ் டூ முடித்த பிள்ளைக்குக் கோடையில் புளி வேலை

பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் உடனே சேராத பிள்ளைக்குக் கோடையில் என்ன வேலை என்று கள்ளக்குறிச்சி வட்டார விவசாயிகள் கேட்கின்றனர். கல்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் மாசி முதல் சித்திரை வரை புளி வேலை உண்டு. 100 கிலோ பழத்தை உடைத்தால் சுமார் 55 கிலோ சதையும் 34 கிலோ கொட்டையும் கிடைக்கும். மீதி ஓடும் நாரும். கொட்டை எடுத்த புளிக்கு விலை கூடுதல். எனவே வீட்டு மரத்துப் புளியை அப்படியே வியாபாரியிடம் விடாமல், காயவைத்துப் பிள்ளையைக் கொண்டு உடைத்து விற்கலாம். சொந்தப் பிள்ளைதானே என்று கூலியை விட்டுவிட வேண்டாம். கல்லூரி விண்ணப்பத்துக்காவது உதவும். பிறரிடம் சென்றால் கிலோ கணக்கில் கூலி பேசி, அன்றாட எடையை நோட்டில் எழுதி வரவும். பழக்கமில்லாத பிள்ளையை மரம் ஏற்றக் கூடாது.

முன்பணம் கொடுத்து வெளியூருக்கு அழைக்கும் புரோக்கரிடம் எச்சரிக்கை தேவை. ஊரும் வேலையும் சொல்லாதவனோடு அனுப்பவே வேண்டாம். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறிக் காவல்துறை சுட்டதில் இறந்த 20 பேரும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களே. முன்பணத்தைக் காட்டி ஆளைப் பிடித்து வைப்பது 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அந்தக் கடனும் செல்லாது. கோட்டாட்சியரிடம் புகார் கொடுக்கலாம்.