எந்த உலோகம் என்பது மூன்றாவது கேள்வி

கடையில் முழுதாகக் கட்டி நிறுத்தியிருக்கும் ரோடு பைக்கை வாங்காமல், ஃபிரேமைத் தனியாகத் தேர்ந்தெடுத்து, சக்கரம், கியர், பிரேக் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தனக்கென ஒரு வண்டியைக் கட்டிக்கொள்வது சைக்கிள் பிரியர்களின் பெருங்கனவு. முதன்முறை இறங்குபவரிடம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எஃகா, அலுமினியமா, டைட்டானியமா, கார்பனா?" என்னைக் கேட்டால் அது மூன்றாவதாக வரவேண்டிய கேள்வி. முதல் கேள்வி உங்கள் உடம்பைப் பற்றியது. இரண்டாவது டயரைப் பற்றியது.

ஒரே உயரமுள்ள இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குக் கவட்டிலிருந்து பாதம் வரை 76 செ.மீ., இன்னொருவருக்கு 82 செ.மீ. பிரான்சு சுற்றுப் போட்டியை மூன்று முறை வென்ற அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் பெயரால் பரவிய கணக்குப்படி இந்த அளவை 0.883 ஆல் பெருக்கினால், பெடல் அச்சிலிருந்து, அதாவது பெடல் கைகள் சுழலும் மையத்திலிருந்து, சீட் இருக்க வேண்டிய உயரம் கிடைக்கும். முதலாமவருக்கு 67 செ.மீ., இரண்டாமவருக்கு 72 செ.மீ.க்குச் சற்று மேல். சீட்டை ஏற்றி இறக்கிவிடலாம். ஆனால் கால் நீண்டவருக்கு முதுகு குட்டை; அவர் கை ஹேண்டில்பாரை எட்ட வேண்டிய தூரம் வேறு. அதைத் தீர்மானிப்பது ஃபிரேம். பெடல் அச்சின் மையத்திலிருந்து முன்குழாயின் உச்சி எவ்வளவு முன்னே இருக்கிறது என்பது 'ரீச்'. எவ்வளவு மேலே இருக்கிறது என்பது 'ஸ்டாக்'. ஃபிரேம் உடம்புக்குப் பொருந்துமா என்று பார்க்கவேண்டிய எண்கள் இவை இரண்டுதான். 'மீடியம்', 'லார்ஜ்' போன்ற பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

வண்டி நேராக ஓடுவதும் சட்டென்று திரும்புவதும் அளவின் விளையாட்டே. முன்குழாயின் சாய்வுக் கோட்டைத் தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் புள்ளிக்குச் சற்று முன்னால் போய் விழும். இந்த இடைவெளிக்கு 'டிரெயில்' என்று பெயர். 25 மி.மீ. டயர், 45 மி.மீ. முன்வளைவுள்ள ஃபோர்க், 73 பாகை சாய்வு என்றால் டிரெயில் ஏறத்தாழ 56 மி.மீ. சாய்வை 72 பாகையாக்கினால் 62 மி.மீ. ஒரே ஒரு பாகை! அதற்கே வண்டி நிதானமாகி, நீண்ட பயணத்தில் கை தளர்ந்தாலும் பாதை விலகாமல் போகும்.

அடுத்தது டயர். அது ஏன் முக்கியம் என்பது ஃபிரேமின் வடிவத்தைப் பார்த்தால் புரியும். 1885-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' சைக்கிளை வெளியிட்டார். அதன்பின் சில ஆண்டுகளிலேயே இரு முக்கோணங்களைச் சேர்த்த இன்றைய ஃபிரேம் வடிவம் நிலைத்துவிட்டது. மேலிருந்து வரும் சுமைக்கு முக்கோணம் கிட்டத்தட்ட வளைந்தே கொடுக்காது. பள்ளத்தில் விழும்போது அதிர்ச்சியைப் பெரும்பாலும் வாங்கிக்கொள்வது டயருக்குள் இருக்கும் காற்று. 1990களில் ஓர் அமெரிக்கச் சைக்கிள் இதழ், இத்தாலியக் கைவினைஞர் அன்டோனியோ மொண்டோனிகோவிடம் ஒரே அளவில் ஏழு ஃபிரேம்கள் கட்டச் சொன்னது. எல்லாமே கொலம்பஸ் கம்பெனியின் எஃகுக் குழாய்கள். மலிவான ரகம் முதல் விலை உயர்ந்த ரகம் வரை. எது எதுவென்று தெரியாமல் ஓட்டிப் பார்த்தவர்களால் அவற்றைப் பிரித்தறிய முடியவில்லை. ஆகவே 32 மி.மீ. டயர் நுழைய ஃபிரேமில் இடமிருக்கிறதா என்று கேளுங்கள். உடம்புக்குச் சுகம் அங்கேதான் இருக்கிறது.

இப்போது உலோகத்துக்கு வருவோம். இங்கே இயற்கை ஓர் அற்புதத்தை வைத்திருக்கிறது. எஃகின் விறைப்பைக் குறிக்கும் யங் குணகம் சுமார் 205 கிகாபாஸ்கல், டைட்டானியத்துக்குச் சுமார் 110, அலுமினியத்துக்கு 70. அடர்த்தியோ முறையே 7.85, 4.5, 2.7. விறைப்பை அடர்த்தியால் வகுத்துப் பாருங்கள்: மூன்றும் 25-ஐ ஒட்டியே நிற்கும். எடைக்கு எடை பார்த்தால் மூன்று உலோகங்களுக்கும் விறைப்பு ஏறக்குறைய ஒன்றே! பிறகு எதனால் அலுமினிய வண்டிகள் விறைப்பாக இருக்கின்றன? குழாயின் பருமனால். செய்தித்தாள் ஒன்றைப் பென்சில்போல இறுக்கிச் சுருட்டினால் எளிதில் வளையும். அதே தாளை அகலக் குழலாகச் சுருட்டினால் வளைய மறுக்கும். எடையைக் கூட்டாமல் குழாயின் விட்டத்தை இருமடங்காக்கி, சுவரைப் பாதியாக்கினால் விறைப்பு நான்கு மடங்காகும். ஆனால் எஃகுக் குழாயின் சுவர் ஏற்கெனவே நடுவில் அரை மில்லிமீட்டர் அளவுதான். இன்னும் மெலிந்தால் விரல் பட்டாலே நசுங்கும். எடை குறைந்த அலுமினியத்தில் சுவரைத் தடிப்பாக வைத்துக்கொண்டே குழாயைப் பருமனாக்கலாம்.

சுவர் நடுவில் மெலிந்தும், வெல்டிங் விழும் முனைகளில் தடித்தும் இருக்கும் 'பட்டெட்' குழாய்க்கு பர்மிங்காமின் ரெனால்ட்ஸ் கம்பெனி 1897-ல் காப்புரிமை பெற்றது. 1935-ல் அதே கம்பெனியின் 'ரெனால்ட்ஸ் 531' வந்தது. அந்தக் கம்பெனி 1928 முதல் 'டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்' குழுமத்தில் இருந்தது. 1949-ல் முருகப்பா குழுமத்தோடு கைகோத்துச் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியதும் அதே குழுமம்தான். நம் தாத்தாக்கள் மிதித்த ஹெர்குலிஸ் இந்த வம்சத்தின் தூரத்துச் சொந்தம்.

உலோகம் உண்மையில் தீர்மானிப்பது ஆயுளை. நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால், ஒரு சுற்றுக்கு இரு கால்களின் அழுத்தமும் சேர்ந்து, மணிக்கு 9,600 முறை ஃபிரேமை முறுக்குகிறோம். குறிப்பிட்ட அழுத்தத்துக்குக் கீழே இருந்தால் எஃகு எத்தனை முறை முறுக்கினாலும் சோராது. அலுமினியத்துக்கு அப்படிப்பட்ட எல்லை இல்லை. ஆனால் இதை மட்டும் வைத்து முடிவுகட்டினால் தவறாகிவிடும். 1997-ல் ஜெர்மனியின் 'டூர்' இதழுக்காக 12 ஃபிரேம்களை இயந்திரத்தில் பூட்டிச் சோதித்தார்கள். கடைசிவரை தாங்கியவை மூன்று: இரண்டு அலுமினியம், ஒன்று கார்பன். எஃகு ஃபிரேம்கள் அதற்கு முன்பே விரிசல் விட்டன. பருமனான குழாயால் அழுத்தத்தைக் குறைத்துவிட்டால் அலுமினியமும் நீண்டகாலம் வாழும் என்பதே அதில் தெரிந்தது.

கார்பன் இழையை வேண்டிய திசையில் அடுக்கலாம் என்பதால் எடைப் போட்டியில் அதை வெல்ல ஆளில்லை. 1986-ல் லெமாண்ட் கார்பன் ஃபிரேமில்தான் பிரான்சு சுற்றுப் போட்டியை வென்றார். ஆனால் அதை உங்கள் அளவுக்கு ஒற்றையாகச் செய்விப்பது பெருஞ்செலவு. எஃகை அளவெடுத்து அறுத்து இணைக்க நல்ல கைவினைஞர் ஒருவர் போதும்; நசுங்கிய குழாயை மாற்றவும் முடியும். ஜப்பானின் கெய்ரின் பந்தய வீரர்கள் இன்றும் அப்படிக் கட்டிய எஃகு ஃபிரேம்களில்தான் பறக்கிறார்கள்.

முதல் ஃபிரேமுக்கு என் தேர்வு பட்டெட் எஃகுக் குழாய்தான். பெடல் அச்சு உட்காரும் கூட்டில் பழைய பி.எஸ்.ஏ. திருகு மரை இருக்கட்டும். அழுத்திச் செருகும் வகைகள் நாளடைவில் கிறீச்சிடும். கடற்கரை ஊர்க்காரர்கள் குழாய்களின் உட்புறம் துருத்தடுப்பு எண்ணெய் பூசித் தரச் சொல்லுங்கள். ஃபிரேம் கட்டுபவர் குழாயின் பெருமையைப் பேசுவதற்கு முன் உங்கள் காலையும் கையையும் அளக்கிறாரா என்று கவனியுங்கள். அளக்காதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.