வாசலில் விட்டுச் செல்லும் பூனைக்குட்டிகள்

மாரி தொடங்கிவிட்டால் கோயில் மதிலோரத்திலும் சந்தைக் கட்டிடத்தின் பின்புறத்திலும் சில உரப்பைகள் கிடக்கும். வாய் கட்டிய பைக்குள்ளிருந்து மெல்லிய சத்தம் வரும். அவிழ்த்துப் பார்த்தால் மூன்று, நான்கு பூனைக்குட்டிகள். கொண்டுவந்து விட்டவர் கல்நெஞ்சக்காரர் அல்லர். கோயில் வாசலில் விட்டால் யாராவது ஒரு பிடி சோறு வைப்பார்கள் என்று நினைத்தவர்தான். ஏழு பேருக்கு உலை வைக்கும் ஒரு தாய், பூனை போட்ட நாலு குட்டிகளுக்கும் எங்கே போவாள்?

பிறர் வாசலில் மூட்டையோடு போய் நிற்பது என்னவென்று எமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்தும், 1996இல் கிளிநொச்சியிலிருந்தும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியின் ஊர்கள் எல்லாவற்றிலிருந்தும் வெளிக்கிட்டவர்கள் நாம். மனிக்பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்ட பின்னரும் சொந்தக் காணிக்குப் போக முடியாமல் இருந்த குடும்பங்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் லாண்ட்மாஸ்ரர் பெட்டியில் நெல் மூட்டை ஏறியது, கோழிக்கூடு ஏறியது. நாய் பின்னால் ஓடிவந்தது. பூனை வரவில்லை. நாய் ஆளோடு ஒட்டும், பூனை இடத்தோடு ஒட்டும் என்பார்கள். ஆட்கள் இல்லாத அடுப்படியிலேயே அது இருந்துவிட்டது. அந்த நினைவு இன்றும் பலருடைய மனதில் கிடந்து உறுத்துகிறது.

நெல்லும் பூனையும்

இது இரக்கம் பற்றிய விடயம் மட்டுமன்று, விதைநெல் பற்றியதும்தான். மத்தியதரைக் கடலிலுள்ள சைப்பிரஸ் தீவில், ஏறக்குறைய 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதனுக்குப் பக்கத்திலேயே புதைக்கப்பட்ட பூனையின் எலும்புக்கூட்டை ஆராய்ச்சியாளர்கள் கண்டெடுத்து, 2004இல் உலகுக்கு அறிவித்தார்கள். மனிதன் தானியம் விளைவித்துச் சேமிக்கத் தொடங்கியதும் எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. ஆகவே பூனையைக் கமக்காரனின் பழைய கூட்டாளி எனலாம். (விவிலியத்திலோ பூனை ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. பாரூக்கு நூலின் 6ஆம் அதிகாரத்தில், பிறவினத்தாரின் சிலைகளின்மேல் அது குந்தியிருக்கிறது. சீர்திருத்த சபையாரின் விவிலியத்தில் அந்நூல் இல்லாததால் அதுவும் இல்லை!)

தறப்பாள் கொட்டிலிலும் தற்காலிக வீட்டிலும் நெல்லை வைக்கக் கொம்பறை ஏது? கட்டிலுக்குக் கீழே மூட்டையாகத்தான் இருக்கும். பூனை நடமாடும் வீட்டில் சுண்டெலியும் வீட்டெலியும் குறையும். ஆனால் அகழானைப் பெரும்பாலான பூனைகள் தொடமாட்டா. வயலிலுள்ள எலிகளையும் ஒரு பூனையால் தீர்க்க முடியாது. எலிக்காய்ச்சலுக்கும் பூனை காவல் அல்ல. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சலால் உயிரிழப்புகள் நடந்ததை அறிவோம். சேற்றில் இறங்க முன்னர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு தடுப்பு மாத்திரை கேட்பதே அதற்கு வழி.

முதலில் சூடு, பிறகு பால்

பற்றையோரத்திலோ விறகுக் குவியலிலோ குட்டிகளைக் கண்டால் உடனே தூக்காதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கலாம். தூர நின்று சில மணிநேரம் பாருங்கள். உரப்பையில் கட்டிக் கிடந்தால் காத்திருக்க ஒன்றுமில்லை.

நாம் விடும் பெரிய பிழை, குட்டியைக் கண்டதும் பால் பருக்குவது. உடம்பு குளிர்ந்த குட்டிக்குப் பால் செமிக்காது, அது செத்துப்போகும். போத்தலில் இளஞ்சூட்டு நீர் நிரப்பி, பழைய துணியால் சுற்றி, பெட்டிக்குள் ஒரு பக்கமாக வையுங்கள். சூடு கூடினால் விலகிப் படுக்க மறுபக்கம் இடம் இருக்க வேண்டும். உடம்பு சூடேறிய பின்பே பால்.

கண் திறக்காத குட்டி பத்து நாளுக்கு உட்பட்டது என்று பொதுவாகக் கொள்ளலாம். இப்படியானதற்கு மிகச் சிறந்த வழி, ஊரில் குட்டி போட்டிருக்கும் இன்னொரு பூனையோடு சேர்த்துவிடுவது. பல தாய்ப்பூனைகள் அயல்குட்டியையும் நக்கி அணைத்துக்கொள்ளும். அப்படி ஒன்று இல்லாவிட்டால் குட்டிகளுக்கான பால்மா பற்றிக் கால்நடை வைத்தியரைக் கேளுங்கள். அது கிடைக்கும் வரை ஓரிரு நாளுக்கு, பசுப்பாலில் முட்டை மஞ்சட்கருவை அடித்துக் கொடுத்துச் சமாளிக்கலாம். தனிப் பசுப்பால் வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும். ரின்பாலும் பிளேன்ரீயும் வேண்டவே வேண்டாம்.

குழந்தையைப் போல மல்லாத்தி வைத்துப் பருக்கக் கூடாது. பால் சுவாசப்பைக்குள் போய்விடும். வயிறு நிலத்தில் பட, தாயிடம் குடிப்பது போலக் கிடத்தி, ஊசியில்லாத சிரிஞ்சினால் துளி துளியாக விட வேண்டும். முதல் இரண்டு வாரம் இரண்டு, மூன்று மணிநேரத்துக்கு ஒரு தடவை, இரவிலும்தான். குடித்த பின் வெதுவெதுப்பான ஈரத்துணியால் பின்பக்கத்தை மெல்லத் தடவுங்கள். தாய் நக்கிவிட்டால்தான் சிறு குட்டி சலம், மலம் கழிக்கும். அந்த வேலையை இனி நாம் செய்ய வேண்டும். பிறக்கும்போது ஏறக்குறைய 100 கிராம் இருக்கும் குட்டி நாளுக்குப் பத்துக் கிராம் அளவில் ஏற வேண்டும். கடைத் தராசில் நிறுத்துப் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு இந்த வேலை மிகவும் பிடிக்கும்.

நாலு வாரம் கழிந்ததும் முள் எடுத்த மீனைப் பிசைந்து கொடுத்துப் பழக்குங்கள். சோறும் சொதியும் மட்டும் பூனைக்குக் காணாது. அது புலால் உண்ணும் பிராணி, மீன்தலையாவது வேண்டும். கருவாடு என்றால் ஊறவைத்து உப்பை நீக்குங்கள்.

தெள்ளுக்கு மண்ணெண்ணெய் பூசுவது நம்மிடையே உள்ள வழக்கம். அது பூனைக்கு நஞ்சு. நக்கி உள்ளே எடுத்துவிடும். நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்தும் அப்படியே. காய்ச்சல் என்று நினைத்துப் பனடோல் கொடுத்தால் ஒரு குளிசையே கொன்றுவிடும். பூனை வளர்க்கும் வீட்டில் எலிப்பாசாணமும் வைக்கக் கூடாது. நஞ்சு தின்ற எலியைப் பூனை தின்னும்.

பிள்ளைகள் விடயத்தில் அவதானம்

குட்டியின் சத்தம் கேட்டதும் சிறுவர்கள் பற்றைக்குள் பாய்வார்கள், பழைய பதுங்குகுழிக்குள் இறங்குவார்கள். கண்ணிவெடி அகற்றி முடித்ததாக உறுதிப்படாத நிலத்தில் ஒரு பூனைக்குட்டிக்காக ஓர் அடியும் வைக்கக் கூடாது. இதைப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். காடு மண்டிய காணி துப்புரவாக்கும்போது அகப்படும் குட்டிகள் காட்டுப்பூனையினுடையவையாகவும் இருக்கலாம். அவை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. கண்ட இடத்திலேயே விட்டு விலகினால் தாய் வந்து கவ்விச் செல்லும்.

பூனையாலும் விசர்நோய் வரும். கடித்தாலோ பிறாண்டினாலோ சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கு தடுப்பூசி இலவசம். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிவிட்டு இருந்துவிடாதீர்கள். குட்டிக்கு மூன்று மாதமளவில் ஊசி போடுவியுங்கள். கர்ப்பிணித் தாய்மார் பூனையின் மலத்தை அள்ள வேண்டாம். வயிற்றுப் பிள்ளையைத் தாக்கும் கிருமி அதில் இருக்கக்கூடும்.

எட்டு வாரமானதும் குட்டியை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கலாம். கொடுக்க முன் ஒன்றை யோசிக்க வேண்டும். பெட்டைப்பூனை ஐந்து, ஆறு மாதத்திலேயே சினைப்படும். ஒன்பது வாரத்தில் ஈனும். ஆண்டில் இரண்டு, மூன்று தடவைகூட. கருத்தடை செய்யாமல் வளர்த்தால் அடுத்த மாரியில் உரப்பையோடு மதிலோரம் போய் நிற்பவர் நாமாகத்தான் இருப்போம். தனி ஒரு குடும்பத்துக்கு அந்தச் செலவு பாரம்தான். மாதர் சங்கமோ கமக்காரர் அமைப்போ ஊர்ப் பூனைகளைக் கணக்கெடுத்து, கால்நடை வைத்தியரிடம் ஒரே நாளில் செய்து தரும்படி கேட்டால் பாரம் குறையும்.

வெளிக்கிட வேண்டி வந்தால்

2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்தபோது மறுபடியும் மூட்டை கட்டினோம். பூனையை உரப்பையில் கட்டினால் மூச்சடைக்கும், வெருண்டு பிறாண்டும். ஒரு கடகத்துக்குள் பழைய சாரத்தை விரித்து அதை வைத்து, மேலே இன்னொரு கடகத்தைக் கவிழ்த்து, இரண்டு பக்கமும் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் உடனே திறந்துவிட்டால் பழைய வளவைத் தேடி ஓடிவிடும். இரண்டு, மூன்று வாரம் ஓர் அறைக்குள் அல்லது மறைப்புக்குள் வைத்து, அங்கேயே தீனி கொடுங்கள். அந்தப் பழைய சாரத்தை மட்டும் தோய்க்க வேண்டாம். வீட்டு மணம் அதில்தான் இருக்கிறது.